டோர்னக்கலுக்குப் போன தமிழ்ப் போதகர்

சென்ற சனவரித் திங்களில் கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரத்தையொட்டி நம் பள்ளியில் பேச்சுப் போட்டி ஒன்று நடந்தது தோழியருக்கு நினைவிருக்கும். பிற சபையைச் சேர்ந்த இறைப்பணியாளர் ஒருவரைப் பற்றி ஆறு நிமிடம் பேச வேண்டும் என்று தமிழ்ச் சிஸ்டர் அறிவித்தார்கள். என் வகுப்பில் ஏழு பேர் ஐடா ஸ்கடர் அம்மையாரைக் கேட்டனர். வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு முறையாவது போய் வராத குடும்பம் நம் பக்கத்தில் ஏது? எனக்கும் அவரைப் பற்றிப் பேசத்தான் ஆசை. ஆனால் காய்ச்சலில் இரண்டு நாள் படுத்துவிட்டு மூன்றாம் நாள் வந்தபோது நல்ல பெயர்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. சிஸ்டர் ஒரு துண்டுக் காகிதத்தில் ‘வி. எஸ். அசரியா’ என்று எழுதி என் கையில் கொடுத்தார்கள். அப்படி ஒரு பெயரை நான் அதுவரை கேட்டதே இல்லை. கொஞ்சம் வருத்தத்துடன்தான் வாங்கிக்கொண்டேன்.

அவரைப் பற்றிச் சொல்லுமுன் என் வீட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

நாட்றம்பள்ளியிலிருந்து ஆந்திர எல்லை வெகு தூரமில்லை. எங்கள் கடைத்தெருவில் ஒரு மணி நேரம் நின்றால் தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் காதில் விழும். எங்கள் வீட்டில் தெலுங்கு. அப்பாவை நைனா என்றும் பாட்டியை அவ்வா என்றும் அழைப்போம். நைனா வாணியம்பாடிப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் வேலை செய்கிறார். தாத்தாவும் அதே வேலைதான் செய்தார். தாத்தா காலத்தில் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊற வைத்து, மயிர் களைந்து, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்துவார்களாம். தொட்டிக்குள் இறங்கி நின்று வேலை பார்த்ததால் தாத்தாவின் பாதங்கள் வெடித்துக் கிடந்ததை அவ்வா இன்றும் சொல்லுவார்கள். இப்பொழுது பெரிய டிரம்கள் சுழல்கின்றன, குரோம் மருந்து வந்துவிட்டது. ஆனால் வாடை மட்டும் மாறவில்லை. எத்தனை முறை சோப்புப் போட்டுக் குளித்தாலும் நைனாவின் சட்டையில் அது இருக்கும். சிறு வயதில் அதை நான் வாடை என்றே அறியவில்லை. நைனா வந்துவிட்டார் என்பதற்கு அது ஓர் அடையாளம், அவ்வளவுதான்.

பள்ளிக்கு வந்த பிறகுதான் அது வாடை என்று கற்றுக்கொண்டேன்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கையில், ஒரு மழைக்காலத்துக் காலையில், அறிவியல் ரெக்கார்டு நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்று அதைக் காட்டாவிட்டால் மதிப்பெண் இல்லை. நைனா இரவு வேலை முடித்து வீடு திரும்பியவர், நோட்டைப் பார்த்ததும் உடை கூட மாற்றாமல் அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு நனைந்தபடியே பள்ளி வாசலுக்கு வந்துவிட்டார். வராந்தாவில் என்னைக் கண்டதும் தெலுங்கில் உரக்க அழைத்தார். என் அருகில் நின்ற இரு மாணவியர் மூக்கைப் பொத்திக்கொண்டனர். “யாருடீ அது?” என்று ஒருத்தி கேட்டாள். “எங்க பக்கத்து வீட்டுக்காரர்” என்றேன்.

நைனாவுக்கு அது கேட்டதா என்று எனக்குத் தெரியாது. பையை வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். இராயப்பர் மூன்று முறை மறுதலித்ததும் சேவல் கூவியது என்று படிக்கிறோம். எனக்கு ஒரே முறை போதுமாயிருந்தது. கூவுவதற்கும் ஒன்றுமில்லை, மணிதான் அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் தவிர வேறு யாரிடமும் இதைச் சொன்னதில்லை. இப்பொழுது இந்த மலரில் எழுதுவதும் நைனாவிடம் கேட்டுவிட்டுத்தான்.

இனி அசரியாவிடம் வருகிறேன்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள், அன்றைய திருநெல்வேலிச் சீமையில், பனைமரங்கள் சூழ்ந்த வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் இந்துவாயிருந்து கிறிஸ்தவராகி, பின் அவ்வூரிலேயே குருவானவரானவர். (அவர்கள் சபையில் குருக்கள் மணம் செய்துகொள்வர் என்பதைச் சிறிய வகுப்புத் தங்கைகளுக்காகச் சொல்லி வைக்கிறேன். போட்டி அன்று ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி இதைக் கேட்டுத் திகைத்துவிட்டாள்.) நெடுநாள் காத்திருந்து பெற்ற மகன் ஆகையால், விவிலியத்தில் அன்னாள் தன் பிள்ளைக்கு வைத்த பெயரையே தாய் எல்லன் தம் மகனுக்கும் வைத்தார். அவர்கள் பனையேறும் சமூகத்தினர். அக்காலத்தில் அச்சமூகத்தார் கோயில்களுக்குள் நுழையக்கூடத் தடை இருந்தது.

1889-இல் தந்தை இறந்தார். அப்பொழுது அசரியாவுக்கு ஏறத்தாழ என் வயது. மெய்ஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் படித்துவிட்டுச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குச் சென்றார். ஆனால் தேர்வு நேரத்தில் உடல்நலம் கெட்டதால் பட்டம் பெறவில்லை. இந்த இடத்தைப் படித்தபோது பொதுத்தேர்வை நினைத்து நான் நடுங்கிக்கொண்டிருந்ததால் எனக்கு ஆறுதலாக இருந்தது. பட்டம் பெறாத அவருக்கு 1920-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. “அதை நம்பி நீ படிக்காமல் இருந்துவிடாதே” என்றார்கள் சிஸ்டர்.

1895-இல் வை.எம்.சி.ஏ. இயக்கத்தில் சேர்ந்து தென்னாடெங்கும் இளைஞர் நடுவே உழைத்தார். 1898-இல் அன்பு மரியம்மாளை மணந்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிப் படிப்பை எட்டிய முதல் சிலருள் அவ்வம்மையார் ஒருவர். வரதட்சணை வாங்காமல், கடன்படாமல், மிக எளிமையாக அத்திருமணம் நடந்தது. எங்கள் அத்தையின் கல்யாணக் கடனை நைனா இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறார். ஆகவே இந்தச் செய்தியை நான் இருமுறை படித்தேன்.

அவர் வாழ்க்கை திரும்பிய இடம் யாழ்ப்பாணம். 1902-இல் அங்குச் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெள்ளைக்காரர் பணத்தை எதிர்பாராமல் தாங்களே காசு சேர்த்துப் பிற இடங்களுக்கு ஊழியரை அனுப்புவதைக் கண்டார். திருநெல்வேலித் திருச்சபையோ அதைவிடப் பெரியது, மூத்தது. ஆயினும் வாங்கிப் பழகிய கையாகவே இருந்தது, கொடுத்துப் பழகவில்லை. அவருக்கு வெட்கமாயிற்று. ஊர் திரும்பியதும் நண்பர்களுடன் சேர்ந்து 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார். இந்தியர் பணம், இந்தியர் ஆள், இந்தியர் நிர்வாகம் என்பதே அதன் ஏற்பாடு. 1905-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறந்த நாளன்று, வங்காளத்துச் செராம்பூரில், தேசிய மிஷனெரி சங்கம் தோன்றியபோதும் அவர் அதில் முன்நின்றார்.

திருநெல்வேலிச் சங்கம் தன் ஊழியத்துக்குத் தேர்ந்துகொண்ட இடம், நிஜாம் ஆண்ட ஐதராபாத் சமஸ்தானத்திலிருந்த டோர்னக்கல். இன்று அது தெலங்கானா மாநிலத்தில் மகபூபாபாத் மாவட்டத்தில் இருக்கிறது. நம் ஜோலார்பேட்டையைப் போலவே அதுவும் ஒரு இரயில் சந்திப்பு. ஜோலார்பேட்டை வழியாகப் போகும் கேரளா எக்ஸ்பிரஸ் டோர்னக்கலைக் கடந்துதான் டில்லிக்குப் போகிறது என்று இரயில்வேயில் வேலை பார்க்கும் எங்கள் சித்தப்பா சொன்னார். அன்றிலிருந்து அந்த வண்டியின் சத்தம் கேட்டால் எனக்கு அந்த ஊர் ஞாபகம்தான்.

இங்கேதான் அசரியாவின் மனச்சங்கடம் தொடங்கியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஊர் ஊராகச் சென்று இளைஞர்களை நோக்கி, போங்கள், போங்கள் என்று பேசியவர் அவர். மேடையில் நின்று போகச் சொல்வது எளிது. 1909-இல் தமது முப்பத்தைந்தாம் வயதில், நல்ல பதவியை விட்டுவிட்டு, குருப்பட்டம் பெற்று, குடும்பத்தோடு அவரே டோர்னக்கலுக்குப் போனார். மேடையில் நாவன்மை மிக்கவர் என்று பெயர் பெற்றவருக்கு அங்கே அந்த நா உதவவில்லை. அவ்வூர் மக்களுக்குத் தமிழ் தெரியாது. சிறு குழந்தையைப் போல ‘அ, ஆ’விலிருந்து தெலுங்கு கற்றார்.

அந்த வரியை நான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். நான் பள்ளியில் மறைத்து வைத்திருந்த ஒரு மொழியை, அப்படி ஒரு மனிதர் வலியச் சென்று கற்றார் என்பது எனக்குப் புதுமையாக இருந்தது.

அதற்கு அடுத்த பக்கத்தில்தான் நான் நின்றுவிட்டேன். டோர்னக்கலைச் சுற்றிய சிற்றூர்களில் அவரைத் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா என்னும் இரு சமூகத்தினர். இரு சாராரையும் மற்றவர்கள் தீண்டத்தகாதவர் என்று ஊருக்கு வெளியே வைத்திருந்தனர். அவர்களுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு இருந்தது. மாலாக்கள் பெரும்பாலும் வயலில் கூலி வேலை செய்தவர்கள். மாதிகாக்கள் தோல் வேலை செய்தவர்கள். செத்த மாட்டின் தோலை உரித்துப் பதனிட்டு, ஊராருக்குச் செருப்பும், ஏற்றத்துக்குத் தோல் சாலும், பறைக்குத் தோலும் செய்து கொடுத்தார்கள். அதனால் மாலாக்கள் கூட மாதிகாக்களோடு உட்கார்ந்து உண்ண மாட்டார்கள்.

தோல் வேலை செய்தவர்கள். ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் அவர்கள் வீடுகளிலும் நாறியிருக்கும்.

அசரியா இந்த இரு சாராரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தார். ஒரே அப்பத்தையும் ஒரே கிண்ணத்தையும் பகிர்ந்துகொள்ளச் செய்தார். இது ஒரு நாளில் நடந்ததன்று, எல்லா ஊரிலும் நடந்ததுமன்று. சபைக்குள்ளேயே சாதி மீண்டும் மீண்டும் தலைதூக்கியது. சாகும் வரை அதனோடு மல்லாடினார். மாட்டு வண்டியிலும் நடந்தும் ஊர் ஊராகப் போனார். மரத்தடியில் மக்களை உட்கார வைத்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கேள்வியும் பதிலுமாகவும், அவர்களுக்குப் பழகிய மெட்டில் பாட்டாகவும் மறையைக் கற்பித்தார். குடியை விடச் சொன்னார். வீட்டைச் சுத்தமாக வைக்கச் சொன்னார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பச் சொன்னார். அன்பு மரியம்மாள் பெண்கள் நடுவே உழைத்தார்.

1910-இல் ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1200 பிரதிநிதிகள். அவர்களில் ஆசியர் ஒரு கைவிரல்களால் அல்லாவிடினும், இரு கை இரு கால் விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அங்கே அசரியா எழுந்து, வெள்ளையர் முகம் சிவக்கும்படி ஒன்று சொன்னார். நீங்கள் எங்களுக்காகச் சொத்தைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் எங்களோடு சரிசமமாக உட்கார்ந்து பழகும் நட்பை மட்டும் ஏன் கொடுக்கவில்லை என்பதே அவர் பேச்சின் சாரம். பல ஆண்டுகள் உடன் உழைத்தும் இந்தியக் குருவானவர்களைத் தம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அழைக்காத மிஷனெரிகள் அக்காலத்தில் பலர். சிலர் கோபப்பட்டனர். ஆனால் அந்தப் பேச்சுதான் அம்மாநாட்டில் இன்றுவரை நினைக்கப்படும் பேச்சாக நிலைத்தது.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாப் பேராலயத்தில் அவர் டோர்னக்கல் அத்தியட்சராக அபிஷேகம் செய்யப்பட்டார். நாம் ஆயர் என்போம். அவர்கள் அத்தியட்சர் என்றும் பேராயர் என்றும் சொல்வார்கள். ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. இந்தியர் ஒருவரின் கீழ் வெள்ளைக்காரர் வேலை செய்வதா என்று சிலர் முணுமுணுத்தனர். நம்மவரிலேயே சிலர், இவர் வேண்டாம், வெள்ளைக்காரரே இருக்கட்டும் என்றார்களாம். அதுதான் எனக்கு அதிக வருத்தம் தந்தது.

அவரை எல்லாரும் ஏற்றார்கள் என்று சொல்ல முடியாது. மதமாற்றம் பற்றிக் காந்தியடிகளுக்கும் அவருக்கும் கருத்து வேற்றுமை இருந்தது. ஏழை மக்களை மதம் மாற்றுவது கூடாது என்பது காந்தியடிகளின் எண்ணம். ஏழைக்கும் தன் நம்பிக்கையைத் தானே தேர்ந்துகொள்ளும் அறிவு உண்டு என்பது அசரியாவின் எண்ணம். ஆனால் கிறிஸ்தவர்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டாம், நாட்டு மக்களோடு மக்களாகவே இருப்போம் என்று சொன்னவரும் அசரியாதான். இரு பெரியோர்களில் யார் கூறியது சரி என்று சிஸ்டரைக் கேட்டேன். “உன் பேச்சு ஆறு நிமிடம்தானே?” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

டோர்னக்கலில் அவர் எழுப்பிய பேராலயத்தின் படத்தை சிஸ்டர் காண்பித்தார்கள். 1939-ஆம் ஆண்டு சனவரி 6, மூவரசர் திருநாளன்று அது அர்ச்சிக்கப்பட்டது. பார்த்தால் நம் கோயில்களைப் போலவே இல்லை. மசூதியைப் போன்ற கும்மட்டங்கள், இந்துக் கோயில் மண்டபத்தைப் போன்ற தூண்கள், அவற்றில் தாமரையும் வாழைப்பூவும் ஊமத்தம்பூவும். அவ்வாவிடம் இதைச் சொன்னேன். “கோயில்ல ஊமத்தையா? அது விஷமாச்சே!” என்றார்கள். அது மரணத்தைக் குறிக்கிறது, அதையும் ஆண்டவர் வென்றார் என்று பொருள் என்று விளக்கினேன். “அப்படின்னா சரி” என்று ஒப்புக்கொண்டார்கள். வாணியம்பாடி மசூதியையும் ஊர் மாரியம்மன் கோயிலையும் நம் தேவாலயத்தையும் ஒரே பேருந்தில் கடந்து வருகிறவளுக்கு அந்தக் கட்டடம் அந்நியமாகத் தெரியவில்லை.

தென்னிந்தியாவிலிருந்த பல சபைகளும் ஒன்றாக வேண்டும் என்று 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய கூட்டத்துக்குப் பின் கால் நூற்றாண்டு பாடுபட்டார். அது 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேறியது. அதைக் காண அவர் இல்லை. 1945-ஆம் ஆண்டு புத்தாண்டு நாளன்று டோர்னக்கலில் காலமானார். அப்பொழுது அவர் மேய்த்த மறைமாவட்டத்தில் ஏறத்தாழ இரண்டு லட்சம் மக்கள் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மாலாக்களும் மாதிகாக்களும்.

போட்டிக்கு முதல் நாள் இரவு, பேச்சை மனப்பாடம் செய்து வீட்டில் நின்று பேசிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டிருந்தது அவ்வாவும் தம்பியும். நைனா வேலையிலிருந்து வந்து, வாசற்படியில் செருப்பைக் கழற்றியபடி நின்றுவிட்டார். ‘மாதிகாக்கள் தோல் வேலை செய்தவர்கள்’ என்ற இடம் வந்ததும் என் வாய் நின்றது. மறந்துவிட்டேன் என்று தம்பி நினைத்துக் கைதட்டிச் சிரித்தான். நைனா, “சொல்லும்மா, அப்புறம்?” என்றார். சொன்னேன். ஒரே பந்தி, ஒரே கிண்ணம் வரைக்கும் சொன்னேன். அப்புறம் பேச்சில் இல்லாததையும் சொன்னேன். ரெக்கார்டு நோட்டுக் கொண்டுவந்த அன்று நான் வாசலில் என்ன சொன்னேன் என்பதை, தெலுங்கில், அழுகையோடு சொன்னேன்.

நைனா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. “கேட்டுச்சு” என்றார். பிறகு, “கை கால் கழுவிட்டு வரேன், சோறு போடு” என்று கிணற்றடிக்குப் போனார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் சோறு போட்டேன். சாப்பிடும்போது, “அந்த ஊர்ல இப்பவும் தோல் வேலை இருக்கா?” என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

மறுநாள் எனக்கு மூன்றாம் பரிசு. ஐடா ஸ்கடரைப் பற்றிப் பேசிய தோழிக்கே முதல் பரிசு. மிக நன்றாகப் பேசினாள். பரிசளிப்புக்குப் பெற்றோர் வரலாம் என்று சொல்லியிருந்ததால் நைனா அரை நாள் விடுப்புப் போட்டு வந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை. அரங்கின் கடைசி வரிசையில், கதவோரமாக, எழுந்து போக வசதியான இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மேடையிலிருந்து இறங்கியதும் நான் நடுவழியே கடைசி வரிசை வரைக்கும் நடந்து போனேன். “நைனா, ரா” என்று அழைத்து, கையைப் பிடித்து, தோழியர் உட்கார்ந்திருந்த வரிசைக்குக் கூட்டி வந்தேன். மூக்கைப் பொத்திய இருவரில் ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள். மற்றவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மாலையில் அவ்வா பரிசாக வந்த எவர்சில்வர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, “அந்தத் தமிழ்க்காரருக்குத் தெலுங்கு நல்லா வந்துச்சா?” என்று கேட்டார்கள்.

“முப்பத்தைந்து வருஷம் அங்கேயே இருந்தாரே அவ்வா, வராமலா இருக்கும்?” என்றேன்.

“உங்க தாத்தாவுக்குக் கடைசி வரைக்கும் தமிழ் சரியா வரல” என்றார்கள் அவ்வா.